முதுகில் கடற்காற்று

கல் உப்பு வாங்கத்தான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன். நாம் வழக்கமாகப் போகும் கடையில், கருவாட்டுக் கூடைக்கும் அப்பளக் கட்டுகளுக்கும் நடுவில் மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார்கள். வேதாரண்யத்து உப்பு என்றார் கடைக்காரர். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீ அப்படித்தான் செய்வாய். ருசி பார்த்துவிட்டு, இதெல்லாம் எங்கள் ரோட்டோரத்தில் மலை மலையாகக் குவிந்து கிடக்கும், அள்ள ஆள் இருக்காது என்று அவரைச் சீண்டுவாய். அந்த ரோட்டை நான் இப்போது பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து எனக்கு மனது சரியில்லை. உன் வீட்டார்மேல் கோபம் வருகிறது. உன்மேலும் வருகிறது, அதையும் இந்த மடலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டெல்லியில், மோதி பாக் குவார்ட்டர்ஸில் எதிரெதிர் பிளாக்கில் இருந்தோம். நீ ஆஸ்பத்திரி நர்ஸ், நான் பள்ளிக்கூட டீச்சர். பால் வாங்கும் இடத்தில் சிரித்துக்கொள்வதோடு சரி. ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஸ்வெட்டருக்குமேல் துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீல நிறச் சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றியபடி நீ என் ஜன்னலுக்குக் கீழே நின்றாய். என் மகளின் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக்கொண்டிருந்ததை நோட்டம் விட்டிருக்கிறாய். சின்ன வயதில் ஓட்டியது, இப்போது விழுந்துவிடுவேன் என்று நான் இழுத்தேன். "விழுந்தா கட்டுப் போடத்தான் நான் இருக்கேனே. ஜல்தி வா டீச்சரே" என்றாய். அன்றிலிருந்து நமக்கு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

சாணக்யபுரியில் அந்த நேரத்தில் சாலைகள் சும்மா கிடக்கும். தூதரக வாசல்களில் காவலர்கள் கம்பளிக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு நிற்பார்கள். நம்மைப் பார்த்து ஒருவர்கூடப் புருவத்தைத் தூக்காதது உனக்குப் பெரிய சந்தோஷம். பிறகு ரிட்ஜ் காட்டுப் பக்கம் திரும்புவோம். கார்கள் போகக்கூடாது என்று குறுக்கே சங்கிலி போட்டிருக்கும் அந்தப் பழைய சாலையில் சைக்கிளைத் தூக்கி வைத்தால், அதற்குமேல் நம் இரண்டு செயின்களின் சத்தமும் மயில் கத்துவதும்தான். இருபுறமும் சீமைக்கருவேலம். இங்கே அதைக் கீக்கர் என்பார்கள். "எங்க ஊரைக் கெடுத்தது பத்தாதுன்னு டெல்லிக்கும் டிரான்ஸ்பர் வாங்கிட்டு வந்திருக்கு பாரு" என்று நீ முதல் நாள் சொன்னதற்கு நான் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பணிந்துபோகிறவள், வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சாப்பிடுகிறவள், நீ, அந்தச் சாலையில் என்னை முந்தவே விடமாட்டாய். குரங்குக் கூட்டம் வழியில் உட்கார்ந்திருந்தால் நான் இறங்கிவிடுவேன். நீ மணியை அடித்துக்கொண்டே நேராகப் போவாய், அவை விலகும்.

உன் சைக்கிளுக்குக் கேரியர் கிடையாது. கடையில் அதை வாங்கிய அன்றே கழற்றச் சொன்னதாகவும், காய்கறிப் பையை எதில் வைப்பீர்கள் தீதீ என்று கடைக்காரர் கேட்டதாகவும், பையா, கழட்டுன்னா கழட்டு என்று நீ அதட்டியதாகவும் சொல்லியிருக்கிறாய். பாரம் குறையட்டும் என்று செய்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

ரிட்ஜ் காட்டுக்குள் இடிந்த மதில் ஒன்று இருக்குமே, அதில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைக் குடிக்கும்போதெல்லாம் உன் ஊர் ரோடு வந்துவிடும். கொடியக்கரைக் காட்டோரத்தில் உங்கள் வீடு. அங்கிருந்து வடக்கே, வேதாரண்யத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் போகிற ரோடு. முதலில் பாலை மரக் காடு, அதற்குள் மான்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும். பிறகு மரம் குறையும், சேறு வரும், சேற்றில் பூநாரைகள் நிற்கும். அப்புறம் உப்பளம், பாத்தி பாத்தியாக வெயிலில் கண் கூசும். எத்தனையோ தடவை கேட்டேன், ஒரு தடவைகூட நீ வரிசை மாற்றிச் சொன்னதில்லை.

"ஒரு வண்டி வராது டீச்சரே. முதுகுல கடல் காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். மிதிக்கவே வேணாம், தானா போவும்" என்பாய்.

சைக்கிள் ஓட்டுகிறவளுக்கு இதைவிட ஆசை காட்ட முடியாது. எதிர்க்காற்றில் மூச்சு வாங்கிப் பழகிய எனக்கு, பின்னாலிருந்து காற்று தள்ளிக்கொண்டு போகும் ஒரு ரோடு பூமியில் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. ஒரு நாள் இரண்டு பேரும் அங்கே ஓட்டுவோம் என்றாய். நான் அதை நம்பினேன். லீவில் ஊருக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் ஓட்டினாயா என்று கேட்பேன். காற்று சரியில்லை என்பாய். ரோடு வேலை நடக்கிறது என்பாய். ஒரு முறை, அண்ணன் வீட்டில் சைக்கிளே இல்லை, எல்லாம் பைக் ஆகிவிட்டது என்றாய். கடைசியாக, வருகிற ஜனவரி, நீயும் வா, நீ வந்தால் நடக்கும் என்றாய். நீ வந்தால் நடக்கும் என்றதை நான் வெறும் ஆசைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரிக்கு நீ இருக்கவில்லை. மழைக்காலத்தில் வயிற்றுவலி என்றாய். கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது, எவ்வளவு நாள் என்பது டாக்டர்களுக்கு முன்பே உனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைப் பார்க்க வந்த என்னை வாசலிலேயே நிறுத்தி உன் வீட்டுக்காரர் சொன்னது இது: "விடியக்காலம் பனியில ஊர் சுத்தி ஊர் சுத்தித்தான் உடம்பைக் கெடுத்துக்கிட்டா." படித்த மனிதர். கணையத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, உள்ளே நீ விழித்திருந்தாய். உன்னை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பரீட்சை நேரம், எனக்கு லீவு கொடுக்கவில்லை. அவர்கள் திரும்பி வந்த வாரத்திலேயே நீலச் சைக்கிள் காயலான் சாமான் எடுக்கும் கபாடிக்காரனின் தள்ளுவண்டியில் பழைய பேப்பருக்குமேல் படுத்துக்கொண்டு போனது. மாடியிலிருந்து பார்த்தேன். கீழே ஓடி வருவதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டான்.

முதலாண்டு நினைவுப் பூசைக்கு நான் உன் ஊருக்குப் போனேன். உன் அண்ணன் தங்கமாகத்தான் கவனித்தார். பூசைக்கு முந்தின நாள் காலை, அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, உட்காருங்க டீச்சர், நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றார். வேண்டாம், ஒரு சைக்கிள் கிடைக்குமா என்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பொம்பளைப் பிள்ளை தனியாக அந்தக் காட்டு ரோட்டில் எப்படி என்றார். எனக்குத் தலை நரைத்துவிட்டது, நான் பொம்பளைப் பிள்ளையாம். கடைசியில் பக்கத்து வீட்டில் ஒரு பழைய சைக்கிளைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

நீ சொன்ன வரிசை அப்படியே இருந்தது. பாலை மரம், மான், சேறு, பூநாரை, உப்பு. வண்டி ஒன்றும் வரவில்லை. ஆனால் காற்று பின்னாலிருந்து வரவில்லை. வலப்பக்கத்திலிருந்து, குறுக்கே அடித்தது. அடித்த அடியில் ஹேண்டில் இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. உன் பொய்யைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். இன்னொன்றும் விளங்கவில்லை. நீ சொன்னது எல்லாமே இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பூசை முடிந்து பந்தி நடந்தபோது, வந்தவர்களுக்குக் கேட்கும்படி உன் அண்ணன் என்னிடம் உன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். டெல்லிக்குப் போய் எங்கள் தங்கச்சிக்குச் சைக்கிளில் அப்படி என்ன பைத்தியம் வந்ததோ தெரியாது, இங்கே அவள் பெடலைத் தொட்டதில்லை என்றார். நான் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"ஒரு நா கூட மிதிக்க விட்டதில்லீங்க டீச்சர். ராணி மாதிரி கேரியர்ல உக்கார வச்சு நாந்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் பஸ்ல கூட்டத்தோட கூட்டமா வந்துரும். லீவுக்கு வந்தப்பகூட சைக்கிள் கேட்டுச்சு. நாலு பேர் பாக்குற ரோட்டுல வேணாம்மான்னு சொல்லிட்டோம். கடைசியிலயும் நாங்கதான அந்த ரோட்டுல கொண்டாந்தோம்."

சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எழுந்து கை கழுவப் போனேன். கேரியரில் பெண்கள் எப்படி உட்காருவோம்? இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு, ஒருக்களித்து. பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் நீ இடப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாய். கடல் உன் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நீ பொய் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. என்னிடம் சொல்லியிருக்கலாமே. விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. காற்றின் மேல் பழியைப் போட்டு, அண்ணனின் மரியாதையை டெல்லி வரைக்கும் காப்பாற்றினாயே, அது எதற்கு? அவருக்கு இன்றுவரை தான் செய்தது இன்னதென்று தெரியாது. ராணி என்கிறார்.

நானும் சண்டை போடவில்லை. உன் போட்டோ மாலையோடு அங்கே இருந்தது, துக்க வீட்டில் என்ன பேச முடியும்? அவர் கட்டிக் கொடுத்த கருவாட்டோடு ரயில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் ரிட்ஜுக்குப் போகிறேன். குரங்குகளுக்கு இறங்குவதில்லை, மணியடித்துக்கொண்டே போகிறேன். இடிந்த மதிலில் உட்கார்ந்து டீயை ஊற்றும்போது, உன் ரோட்டின் மறுபக்கத்தை உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். வேறு யாருக்குச் சொல்ல? வலப்பக்கம் காடு முடிகிற இடத்தில் சவுக்குத் தோப்பு தொடங்குகிறது. நெடுக ஒரே இரைச்சல், கடலா மரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் தோப்பு விட்டுப்போயிருக்கிறது. அங்கே சைக்கிளை நிறுத்தி ஒற்றைக் காலை ஊன்றினால், உப்பு மண்ணுக்கு அப்பால் கடல் தெரிகிறது. அப்புறம், அந்த ரோடு தானாகப் போவதில்லை. மிதிக்க வேண்டியிருந்தது.