குடமுருட்டியில் தலைமுழுகிய அன்று

கண்ணு,

மணிலாவில் டாக்டர் படிப்பை விட்டுவிட்டு நீ பாலே நடனம் ஆடப் போனது தெரிந்த அன்று, குடமுருட்டிப் படித்துறையில் இருந்தது உன் அப்பன் வசந்தகுமார், சித்தப்பன் தியாகு, உன் அம்மா அனுசுயா, நான். "இனி அவ நமக்கு இல்ல" என்று உன் அப்பன் தலைமுழுகினான். தியாகு முழுகினான். நானும்.

கடைமாடியில் அந்த ஊர்ப் பிள்ளைகள் தொடங்கிய உங்கள் குழு, இப்போது பெரிய அரங்கம் நிறைய ஆடுகிறதாமே. பக்கத்து வீட்டு மீனா போனில் காட்டினாள். நடுவில் நீதான் விரல் நுனியில் நிற்கிறாய். கால் வலிக்காதா?

உன் அம்மா மட்டும், "எம் பொண்ணு உசுரோட இருக்கா, நான் எதுக்கு முழுகணும்?" என்று காய்ந்த தலையோடு கரையில் நின்றாள். அவளும் முழுகியிருந்தால், வேறு வழியில்லை என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். அந்த அனுசுயாவை நான் மன்னிக்கவே மாட்டேன்.

உன் அப்பாயி