அப்பா கழுத்தில் ஏழு மில்லிமீட்டர்

அன்புள்ள பொடிசுக்கு,

உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஆறு மணி நேரமாவது தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. தோல் மருத்துவ மேற்படிப்புக்கான நேர்முகத்தில் ‘நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கட்டாயம் கேட்பார்களாம், போன வருஷம் அங்கேதான் திணறி இடத்தைக் கோட்டை விட்டாயாம், இந்தத் தடவையும் இடம் போய்விட்டால் வேறு துறைக்கு மாறிவிடுவாயாம். ‘சித்தி, நான் என்ன தப்புப் பண்ணியிருக்கேன், யோசிச்சுச் சொல்லுங்க’ என்றாய். ‘ஒண்ணும் ஞாபகம் வரலையேம்மா’ என்றேன். பக்கத்தில் இருந்த உன் அப்பா சட்டென்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம் வந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

அதற்கு முன் வேறு சில விஷயம். நீ அனுப்பிய விண்ணப்பக் கட்டுரையை அச்சகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திருத்தினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, மூன்றாவது பத்தியில் மட்டும் ‘சிறு வயது முதலே தோள் மருத்துவத்தில் ஆர்வம்’ என்று எழுதியிருக்கிறாய். அப்படியே போயிருந்தால் உன்னை எலும்பு டாக்டர்களிடம் தள்ளிவிட்டிருப்பார்கள். ‘ஆழ்ந்த’ என்ற சொல் ஒரே பக்கத்தில் ஐந்து முறை வருகிறது, நான்கை எடுத்துவிட்டேன். வாழைப்பழத் தோலில் தையல் போட்டுப் பழகுகிறாய் என்று சொன்னதிலிருந்து உன் அப்பா பழம் உரிக்கும்போதெல்லாம் ‘பாவம், இதுக்கு மயக்க மருந்து குடுத்தாளோ இல்லையோ’ என்கிறார். அச்சகத்தில் எல்லோரிடமும் தோல் டாக்டரை ராத்திரியில் யாரும் எழுப்ப மாட்டார்கள், அதனால்தான் என் பெண் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நேர்முகத்தில் இதை மட்டும் சொல்லிவிடாதே.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். நீ மூன்றாம் வருஷம், தோல் பிரிவில் இரண்டு வாரம் இருந்துவிட்டு லீவுக்கு வந்திருந்தாய். வந்த அன்றே வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னாய். என் முழங்கையில் இருந்தது வெறும் வறட்சி என்றாய், பக்கத்து வீட்டுக்காரருக்குப் படர்தாமரை என்று சொல்லி அவர் பெண்டாட்டியிடம் அவருக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தாய். அப்புறம் உன் அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்தாய். அங்கே மச்சம் மாதிரி ஒரு கறை இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தாய், ஏழு மில்லிமீட்டர். ஓரம் ஒழுங்காக இல்லை, கறுப்பும் நீலமுமாக நிறம் ஒன்றாக இல்லை, தோல் புற்றுநோயாக இருக்கலாம் என்று நோட்டில் எழுதினாய். ‘அப்பா, இதுல தண்ணி படக் கூடாது, தேய்க்கவே கூடாது’ என்றாய். அவரும் இரண்டு நாள் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒட்டகம் மாதிரி குளித்தார். மூன்றாம் நாள் மூவருமாக டாக்டரம்மாவிடம் போனோம். நீ நோட்டைப் பார்த்துப் படிக்கப் படிக்க அந்த அம்மா ஒரு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு துடைப்புத் துடைத்தார். பஞ்சு நீலமாயிற்று. ‘எங்க வேலை, பிரஸ்லயா?’ என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும்போது நீ பஸ் ஜன்னலை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. ‘இனிமே இந்தப் பேச்சை வீட்ல யாரும் எடுக்கக் கூடாது’ என்று உன் அப்பா உத்தரவு போட்டார். ஒரு வருஷம் நீ தோல் என்ற சொல்லையே எடுக்கவில்லை, குழந்தை மருத்துவம் என்றாய்.

இதில் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எனக்கு முதல் நாளே தெரியும். அந்த வாரம் அச்சகத்தில் பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்துக்கு அட்டை அச்சில் ஓடியது, அட்டை முழுக்கக் கடல். மெஷினில் நின்றவர் உன் அப்பா. அவர் சட்டைக் காலரில் இருந்த அதே நீலத்தை அன்று காலையில்தான் ஊற வைத்திருந்தேன். அது மை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தும், நீ என்னிடம் எதையும் எடு, வை என்று உரிமையாகச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் ‘சித்தி, டார்ச்சைச் சரியாப் பிடிங்க, கை ஆடுது’ என்று அதட்டினாய். சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அச்சுத்தாளில் பிழை கண்டால் யோசிக்காமல் கோடு போடுகிறவள், உன்னிடம் போடப் பயந்தேன். அதனால் இரண்டு நாள் உன் அப்பா தூங்கவில்லை, நீ ஒரு வருஷத்தைத் தொலைத்தாய். ஆகவே தவறு பாதி என்னுடையது. உன் பாதியை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் சொல். பார்த்தேன், அளந்தேன், எழுதினேன், தொட்டுப் பார்க்கவில்லை, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை என்று சொன்னால் போதும். அதற்கு மேல் ஆழ்ந்த பாடம் எதையும் சேர்க்காதே.

சான்றிதழ்களைத் தேதி வாரியாக அடுக்கு. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்ல ஆரம்பிக்காதே, உனக்கு அந்த வழக்கம் உண்டு. எது நடந்தாலும் உன் அறை இங்கே அப்படியே இருக்கிறது, துணி காயப் போடும் கொடி ஒன்று மட்டும் குறுக்கே வந்திருக்கிறது. நீ நினைத்த இடத்தில் உட்கார்ந்து, நாலு பேர் வலியும் அரிப்பும் தீர்த்து, தீர்க்காயுசாக இரு. குடையை எடுத்துப் போக மறக்காதே.

உன் அப்பாவின் ஆசியுடனும் என் முத்தத்துடனும்,
சித்தி

பதினோரு நாள் கழித்து எழுதுவது: இதை உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் இரண்டு வேளை தபால் பெட்டியைத் தாண்டிப் போனேன். நேற்று முடிவு வந்ததும் நீ போன் செய்தாய். அந்தக் கேள்வியைக் கேட்டார்களாம், மைக் கதையை நீயாகவே சொன்னாயாம், குழுவில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தாராம். வீட்டில் வேறு யாருமா கவனிக்கவில்லை என்று இன்னொருவர் கேட்டதற்கு ‘பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்’ என்றாயாம். இடம் கிடைத்துவிட்டது. உறையைப் பிரித்து இதையும் எழுதி, மறுபடி ஒட்டி, இன்று தபாலில் போடுகிறேன்.