ஒரு சொம்புத் தண்ணீர்

புதூர்நாடு,
18.08.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் கலைவாணி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று கேட்டால், "நல்லா இருக்கேன்டி, சாப்டியா?" என்கிறாய். அதற்குள் நீ வேலை செய்யும் வீட்டில் உன்னைக் கூப்பிட மணி அடிக்கிறது, வைத்துவிடுகிறாய். கடிதத்தை யாரும் மணி அடித்து நிறுத்த முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சென்னைக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஹோம் நர்ஸ் என்றால் ஊசி போடுவார்களா என்று என் வகுப்பு நிவேதா கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையிலிருந்து என்னென்ன செய்கிறாய் என்று வரிசையாக எழுது.

உன் சிவப்புச் சேலையை மடித்து என் தலையணைக்கு உறையாகப் போட்டிருக்கிறேன். துவைக்கவில்லை. திட்டாதே.

அன்பு மகள்,
கலைவாணி, ஒன்பதாம் வகுப்பு


சென்னை,
05.09.2024

அன்பு மகள் கலைவாணிக்கு அம்மா எழுதிக்கொண்டது,

உன் கடிதத்தை நான் பார்த்துக்கொள்ளும் சாந்தம்மாள் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர்களுக்கு வாதம் வந்து இடது பக்கம் வராது, பேச்சு குழறும். "சேலையத் தொவைக்கச் சொல்லு" என்றார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். அழுக்கில் தூங்காதே.

நான் ஊசி போடுவதில்லை. எழுந்ததும் டயப்பர் மாற்றி, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டுவேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றுவேன். காதில் தண்ணீர் போனால் அவர்களுக்குப் பயம். அதனால் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு ஊற்றுவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். இரவும் அப்படித்தான், அதனால் தூக்கம் துண்டு துண்டாக வரும்.

தூக்குவது ஒன்றுதான் கஷ்டம். நல்ல கனம். நம் ஊரில் புளி மூட்டை தூக்குவதுபோல் குனிந்து ஒரே மூச்சில் தூக்கிவிடுவேன். இடுப்பு கொஞ்சம் பிடிக்கிறது. தைலம் இருக்கிறது. கவலை வேண்டாம்.

அம்மா நீலாவதி


புதூர்நாடு,
22.09.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

புளி மூட்டை என்று எழுதியிருந்தாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூட்டையை ஜீப் வரை சுமந்தால் அங்கே இறக்கிவிடலாம். சாந்தம்மாள் அம்மாவை இறக்கிவைக்க ஜீப் இல்லை. திரும்பத் திரும்ப அதே கட்டில்தான்.

பள்ளி நூலகத்தில் ஒரு முதலுதவிப் புத்தகம் இருக்கிறது. அதிலிருந்த படத்தை வரைந்து அனுப்பியிருக்கிறேன். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். நோயாளிக்கு அடியில் போர்வையை இரண்டாக மடித்துப் போட்டு, அதைப் பிடித்து நகர்த்த வேண்டும். படத்தில் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்கிறார்கள். எவ்வளவு தேடியும் ஒரே ஆள் தூக்கும் படம் அந்தப் புத்தகத்தில் இல்லை அம்மா.

அப்பாவைப் படுக்கவைத்து நானும் நிவேதாவும் செய்து பார்த்தோம். "இன்னாடி இது, உசுரோட இருக்கறவன பொணம் மாதிரி இழுக்கறீங்க" என்றார். ஆனால் சுலபமாக நகர்ந்தார்.

அன்பு மகள்,
கலைவாணி


சென்னை,
14.10.2024

அன்பு மகளுக்கு,

நீ வரைந்த படத்தைச் சாந்தம்மாள் அம்மாவின் மகன் கோபால்சாமி சாரிடம் காட்டினேன். நல்ல மனிதர்தான். "அழகா வரைஞ்சிருக்கா. ஆனா உங்கள அனுப்பற ஆபீஸ்ல ஒரு ஆளுக்குத்தானே பேசியிருக்கு சிஸ்டர்" என்றார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த சாந்தம்மாள் அம்மா வலது கையால் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தாண்ட நான் புடிக்கறேன் நீலா" என்றார்கள். தன்னைத் தானே எப்படித் தூக்குவது? இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன். கட்டாயம் வருவேன்.

அம்மா


புதூர்நாடு,
19.01.2025

அம்மாவுக்கு,

போகி அன்று ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். மோகன் அண்ணன் ஜீப்பிலிருந்து பதினேழு பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். "இன்னாம்மா, டிக்கெட் செக்கரா?" என்று அண்ணன் கேலி செய்தார். பொங்கலன்றும் போனேன். அன்று அவர் கேலி செய்யவில்லை.

மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னாயாம். கோபமில்லை. இல்லை, இருக்கிறது. சாந்தம்மாள் அம்மா மேல். தினமும் உன் கை அவர் தலையில் இருக்கிறது. என் தலையில் உன் கை பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் குணமாக வேண்டும் என்றுதான் சாமி கும்பிடுகிறேன். ஒரு நாள் மட்டும், அவர் இல்லாவிட்டால் நீ வந்துவிடுவாய் என்று நினைத்துவிட்டேன். உன்னிடம் மறைக்க முடியவில்லை. மன்னித்துவிடு.

கலைவாணி


சென்னை,
27.02.2025

கலைவாணிக்கு,

சாந்தம்மாள் அம்மா சென்ற வாரம் திங்கட்கிழமை இறந்துவிட்டார்கள். கஞ்சி குடித்தார்கள், வாய் துடைத்துவிட்டேன். அப்படியே போய்விட்டார்கள்.

உடலைக் குளிப்பாட்டும்போது நானும் ஒரு சொம்பு எடுத்தேன். "நீங்க வெளியே இருங்க சிஸ்டர், இது சொந்தக்காரங்க செய்யறது" என்றார்கள். தப்பில்லை, வழக்கம் அதுதான். கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். யாரும் கையைக் குவிக்கவில்லை. காதில் தண்ணீர் போயிற்று.

அன்று சாயங்காலமே ஆபீஸிலிருந்து வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள். தலை முழுகக்கூட நேரமில்லை. இங்கே இருக்கும் பெரியவர் தானே நடக்கிறார், திருப்ப வேண்டியதில்லை. ஆனாலும் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். இடுப்பிலிருந்து வலது கால் வரை மரத்துப்போகிறது.

நீ நினைத்ததால் யாரும் சாகவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அம்மா


நம் வீடு,
30.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் இல்லை. உன் தலையணைக்கு அடியில் வைக்கிறேன்.

அப்பா சென்னைக்கு வந்து உன்னை அழைத்து வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதுகில் ஜவ்வு விலகியிருக்கிறது, ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் போர்வையைப் பிடித்து உன்னைத் திருப்புகிறோம். நீ மறுபடி சுவர்ப் பக்கமே திரும்பிக்கொள்கிறாய். "இன்னாம்மா?" என்றால் "ஒண்ணும் இல்லடி" என்கிறாய். பாறைமேல் நின்று போன் பேசுவதுபோலவே இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறாய், எனக்கு இன்னும் உன்மேல் ஏக்கமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் தூக்கத்தில் உன் இடது கையைக் குவித்துத் தலையணைமேல் வைத்திருந்தாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சாவு வீட்டிலிருந்து யார் வந்தாலும் தலைக்கு ஊற்றிய பிறகுதானே உள்ளே வருவார்கள்? உனக்கு யாருமே ஊற்றவில்லை. ஜீப்பிலிருந்து நேராகக் கட்டிலுக்குத் தூக்கி வந்துவிட்டோம். நீ இன்னும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறாய் என்று நினைக்கிறேன்.

நாளைக் காலை வெந்நீர் வைக்கிறேன். அப்பாவும் நானும் உன்னை நாற்காலியில் உட்காரவைக்கிறோம். முதல் சொம்பு சாந்தம்மாள் அம்மாவுக்கு. அதை உன் கையால் மண்ணில் ஊற்று. அவருடைய சொந்தக்காரங்க யாரும் இங்கே இல்லை, உன்னை வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். மீதியை உன் தலைக்கு நான் ஊற்றுகிறேன். கையை எப்படிக் குவிப்பது என்று மட்டும் சொல்லிக்கொடு.

வேண்டாம் என்றால் ஒன்றும் எழுதாதே. பென்சிலைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

உன்,
கலைவாணி


(அதே தாளின் பின்பக்கம், பென்சிலில்)

கலைக்கு,

தண்ணீர் ரொம்பச் சூடாக வேண்டாம். விரல்களைச் சேர்த்துக் காதுக்குமேல் அணை மாதிரி வை, அழுத்தாதே. என் கையை வைத்துக் காட்டுகிறேன்.

உன் தலையணையில் இருக்கும் சிவப்புச் சேலையை எடுத்து வை. குளித்துவிட்டு அதைத்தான் கட்டிக்கொள்வேன். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா