மடிக்குப் பயிற்சி

காளிகாட், கல்கத்தா
15.11.1999

சௌபாக்கியவதி பத்மஜாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் சௌக்கியம். என்னையும் அந்த எல்லோரில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு முடியாவிட்டால், தாலி கட்டும் நேரத்தில் விஸ்வநாதன் சித்தப்பா மடியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். என் தம்பி தங்கமானவன். மடியும் விசாலமானது. ஆனாலும் அந்த வரிக்குப் பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. டைபாய்டில் கிடந்து எழுந்த என் தொடைகள் முருங்கைக்காய் மாதிரி ஆகியிருந்தன. பூஜா லீவில் நீ வந்தபோது உன் தோளைப் பிடித்துத்தானே சோபாவை விட்டு எழுந்தேன்.

அதனால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சந்து முனையிலுள்ள வியாயாம் சமிதியில், அந்த உடற்பயிற்சிக் கூடத்தில்தான், சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. பையன்களெல்லாம் கண்ணாடி முன் புஜத்தை முறுக்க, நான் அரை டிராயரோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறேன். இப்போது கையில் சின்ன எடையும் உண்டு. சொல்லித் தருபவர் மிருணாள் பாபு, பகலில் பாங்க் கிளார்க். என்னைக் 'காக்கு' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே கண்டிப்பார்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் கேள்வி கேட்க வெட்கப்படலாமா? இந்த வயதில் சதை வளருமா என்றேன். மெதுவாக வளரும் காக்கு, ஆனால் பலம் அதற்கு முன்னாலேயே வரும், நரம்புகள்தான் முதலில் பாடம் படிக்கும் என்றார். அப்படியானால் தினமும் வருகிறேன் என்றதற்குத் திட்டு விழுந்தது. எடை தூக்குவது சதைக்கு வேலை வைப்பதுதானாம். ஓய்விலும் சாப்பாட்டிலும்தான் அது வளருமாம். ஆபீசில் நான் தூங்கிய தூக்கத்துக்குப் பெரிய பயில்வானாகியிருக்க வேண்டும். தயிர் சாதம் போதுமா என்றேன். மீன் சாப்பிடுங்கள் என்றார். உன் அம்மாவை நினைத்துக்கொண்டு, பருப்பு, கொண்டைக்கடலை, பன்னீர் என்று பேரம் முடித்தேன்.

போன ஞாயிறு ஒத்திகை. உன் அம்மாவை மடியில் உட்காரச் சொன்னேன். "ஏன்னா, இந்த வயசுல என்ன கூத்து இது!" என்று கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது. மாடி வீட்டு ரஞ்சனா பௌதி கிண்ணத்தில் பாயேஷோடு உள்ளே வந்தவர், "ஐயையோ, நான் அப்புறம் வரேன்" என்று வங்காளியில் சொல்லிக்கொண்டே கிண்ணத்தோடு திரும்பிப் போய்விட்டார். பாயசம் போச்சு. ஆனால் தொடை தாங்கிவிட்டது, பத்மா. அம்மா இறங்கியதும் யார் கையும் பிடிக்காமல் எழுந்தேன். "பரவாயில்லையே" என்றாள். கல்யாணமான நாளாக அவளிடம் நான் வாங்கிய பெரிய சர்டிபிகேட் அதுதான்.

இனி கோபமான விஷயம். உன் அறைத்தோழி சஹானா போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாயாமே? கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருப்பாய், அதற்காக இருக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். அப்பாவுக்குக் கனமா இருக்கக் கூடாது என்று சொன்னாயாம். அம்மா ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மிருணாள் பாபுவிடம் கேட்டேன். பட்டினி போட்டால் கொழுப்போடு சதையும் கரையும், உடம்பும் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும், தெம்பு போய்விடும் என்றார். நான் காய்ச்சலில் தொலைத்ததை நீ எதற்கம்மா வலியப் போய்த் தொலைக்கிறாய்?

சித்தப்பாவுக்கு நீயே நல்லபடியாக எழுதிவிடு, முகூர்த்தத்தில் பக்கத்தில் நிற்கட்டும். என் கால் கொஞ்சம் நடுங்கினாலும் கெட்டிமேளத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? இன்று ராத்திரியிலிருந்து வயிறாரச் சாப்பிடு. தாலி ஏறியதும் எழுந்து மாப்பிள்ளை பக்கம் போய்விடுவாய். அதுவரைக்கும் உன் முழுக் கனமும் எனக்கு வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும்,
உன் அப்பா
ஜம்புநாதன்