ஆண்டு மலரில் வந்த வீடு

மார்ச் 3, செவ்வாய்

அறக்கட்டளையின் ஆண்டு மலர் அச்சாகி வந்துவிட்டது. நானூற்றுச் சொச்சம் பிரதிகள். என் வீட்டுக்காரர் காலையிலிருந்து உறைக்குள் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார். "தபாலாபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் ஒட்டினது போதாதுன்னு ரிடையரானப்புறமும் ஒட்ட வெக்கறியே" என்று புலம்பல். ஆனால் ஒரு உறையின் மூலைகூட மடங்காது.

இந்தப் பகுதிக்காரர்கள் மாதாமாதம் தங்களால் ஆனதைப் பொதுநிதியில் போடுகிறார்கள். எதற்குக் கொடுப்பது என்று நாங்கள் ஒன்பது பேர் கூடி முடிவு செய்கிறோம். நூலகத்துக்குச் சாய்வுப்பாதை, டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு வேன், அடி பொறுக்காமல் ஓடிவந்த பெண்கள் தங்க ஒரு வீடு. கொடுத்தவர்களுக்கு அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிய வேண்டாமா? போன வருட மலர் வெறும் பட்டியல். யாரும் புரட்டவில்லை. இந்தத் தடவை முழுக்க நானே எழுதினேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னதைத்தான் நானும் செய்தேன்: 'பெண்கள் பயனடைந்தனர்' என்றால் மனதில் நிற்காது, ஒரு பெண்ணைக் காட்டு.

மார்ச் 6, வெள்ளி

காலையிலிருந்து பாராட்டு. மருந்துக்கடைக்காரர் போனில், "டீச்சர், பதினோராம் பக்கம் படிச்சிட்டு என் சம்சாரம் அழுதுட்டா. அடுத்த மாசத்துலேர்ந்து எங்க பங்கை ரெட்டிப்பாக்கிடுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 7, சனி

அந்தப் பெண்கள் வீட்டை நடத்துபவர் ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தவர். இன்றும் எல்லோருக்கும் மேட்ரன்தான். அவர் பேசினால் தெருமுனைவரை கேட்கும். இன்று போனில் குரலே எழவில்லை.

"பதினோராம் பக்கம் எழுதினது நீங்களா டீச்சர்?"

"ஆமா. பேர் எதுவும் போடலையே?"

"பேர் போடல. மத்ததெல்லாம் போட்டுட்டீங்க."

எடுத்துப் படித்தேன். 'விடியற்காலையில் கீழே ரொட்டிக்கடை அடுப்பின் வாசம் மாடிவரை ஏறிவரும். பச்சைக் கதவு. எதிரே நின்றுபோன கடிகாரக் கோபுரம். ஜன்னலோரம் இடது கையால் பொத்தான் தைக்கும் ஒரு பெண். பக்கத்தில் அவளுடைய ஏழு வயது மகள், முன்பல் இரண்டும் விழுந்தவள்.'

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன். கடிகாரக் கோபுரத்துக்கு எதிரே எத்தனை ரொட்டிக்கடை இருக்கிறது? ஒன்று. ஒன்றே ஒன்று.

மார்ச் 8, ஞாயிறு

மேட்ரனுக்கு வேறு வீடு பார்க்க நான்கு நாளாவது வேண்டுமாம். எட்டுப் பெண்கள், குழந்தைகள், சாமான்கள்.

அச்சுப்பிழை என்று சொல்லித் திரும்ப வாங்கிவிடலாம் என்றார் எங்கள் செயலாளர். வீட்டுக்காரரும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒரு அம்மா, "பிழையா? ரெண்டு தடவை படிச்சேனே, எந்தப் பக்கம்?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் எதிரிலேயே புரட்டினார். சலூன்காரர் வருகிறவர்கள் படிக்கட்டும் என்று கடையில் வைத்தாராம். "நேத்து வரைக்கும் இங்கதான் கிடந்துச்சு டீச்சர். யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க போல."

யார்?

மார்ச் 9, திங்கள்

யார் கதவைத் தட்டினாலும் தாழ்ப்பாளை எடுக்குமுன் ஜன்னல் வழியே பார்க்கிறேன். ஆனால் என் கதவையா தட்டப்போகிறார்கள்?

மார்ச் 10, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு மணி இருக்கும். அறக்கட்டளை அலுவலகத்தில் நான் மட்டும். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான முகம், நாற்பது வயது இருக்கலாம். கையில் சுருட்டிய மலர்.

"நீங்க எழுதினதா டீச்சர்? நேர்ல பாக்கற மாதிரியே இருக்கு."

சொல்ல வெட்கமாக இருக்கிறது — ஒரு நொடி மனம் குளிர்ந்தது.

"அந்த வீட்டுக்கு ஜன்னல் திரை வாங்கித் தரலாம்னு இருக்கேன். நானே கொண்டுபோய் மாட்டிடறேன். மாடிக்கு வழி பின்பக்கமா?"

எதுவானாலும் அலுவலகத்தில்தான் வாங்கிக்கொள்வோம் என்றேன். அவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே போல, "பல்லு விழுந்துடுச்சா... நான் பாத்தப்ப ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார்.

அவன்தான். அந்தக் குழந்தையின் அப்பன்.

படிவம் எடுத்துவருவதாகச் சொல்லிப் பின்னறைக்குப் போய் மேட்ரனுக்குப் போன் செய்தேன். "வந்துட்டான். இப்பவே கிளம்புங்க." திரும்பிவந்து அவன் முன்னால் படிவத்தை விரித்தேன். கடைசி பெஞ்சுக்கும் புரியும்வரை விளக்குவதுதானே முப்பத்தாறு வருடம் என் பிழைப்பு? பொதுநிதி என்றால் என்ன, குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுப்பது என்றால் என்ன —

"சுருக்கமா சொல்லுங்க டீச்சர்."

"அவசரப்பட்டா அப்புறம் குழப்பம் தம்பி. இப்ப ஒரு உதாரணத்துக்கு, தெருவுல எல்லாரும் ஆளுக்கு ஒரு குடம் தண்ணி கொண்டுவந்து ஒரே தொட்டியில ஊத்தறாங்கன்னு வெச்சுக்குங்க..."

அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றினேன். திடீரென்று எழுந்தான். முகத்தில் அந்த மரியாதை இல்லை.

"என்னை வேணும்னே உக்கார வெச்சிருக்கே இல்ல?"

போய்விட்டான்.

மேட்ரனைக் கூப்பிட்டேன். "ஏழு பேர் வேன்ல ஏறியாச்சு. தையல்காரிதான் பாப்பாவைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போயிருக்கா. போனை வீட்டிலயே வெச்சிட்டுப் போயிட்டா." வேனின் சத்தம். லைன் அறுந்துவிட்டது.

இவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். மணி நான்காகிறது. இன்னும் அழைப்பு வரவில்லை. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

ஐந்து மணி. இல்லை.

மார்ச் 11, புதன்

நேற்று ஏழு மணிக்கு மேட்ரன் பேசினார். பள்ளிக்கூட வாசலிலேயே இரண்டு பேரையும் வேனில் ஏற்றிவிட்டார்களாம். அவன் பச்சைக் கதவை உதைத்து உடைத்திருக்கிறான். ரொட்டிக்கடை ஆட்கள்தான் போலீஸ் வரும்வரை பிடித்துவைத்தார்கள்.

"பத்திரமா இருக்காங்க. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல. என் மேல கோவமா மேட்ரன்?"

"கோவப்பட எனக்கு ஏது நேரம்? அந்தப் புள்ளைக்கு வேற ஸ்கூல் தேடணும். அவளுக்கு வேற வேலை தேடணும்."

திட்டியிருக்கலாம்.

மார்ச் 26, வியாழன்

ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

ஏப்ரல் 2, வியாழன்

கமிட்டியிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். "நீங்களும் போயிட்டா, அடுத்து வர்றவங்க இதே தப்பைப் புதுசா பண்ணுவாங்க."

ஆகஸ்ட் 19, புதன்

கண் பரிசோதனைக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். மூன்று வரிசை முன்னால் அவள். மடியில் புதுச் சீருடையில் மகள். ஏதோ சொல்லி இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எழுந்துபோய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா?

அவள் திரும்பவில்லை. நான் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். அவர்கள் இறங்கும் இடம் என் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். வீடு வந்துசேர ஒரு மணி நேரம்.

"என்ன இவ்வளவு லேட்டு? எங்க போயிருந்தே?" என்று இவர் கேட்டார்.

நடந்து வந்தேன் என்றேன். எந்தப் பேருந்து என்று இதில்கூட எழுதப்போவதில்லை.