வசந்தா அக்காவுக்கு வண்டி இல்லை

என் பாக்கியம் அக்காவுக்கு,

நலமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. இருந்தபோதே அந்தக் கேள்விக்கு நீ ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். நீ போய் ஒரு தீபாவளியும் வந்து போய்விட்டது. துக்க வீடு என்று நான் பலகாரம் எதுவும் சுடவில்லை. பக்கத்து வீட்டார் கொடுத்த முறுக்கு பல்லை உடைத்தது. அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு வேறு ஆள் கிடையாது.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஊரார் படித்தால் படிக்கட்டும். படித்தாலாவது யாருக்காவது உறைக்கிறதா பார்ப்போம். வசந்தா அக்காவைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும்.

உனக்குத் தெரியாததா? ஜெஞ்சாரோமைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே அந்தத் தோட்டத்து வீட்டு வரிசையில் உன் அடுத்த வீட்டுக்காரர். உன்னைப் போலவே அவருக்கும் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கிள்ளானுக்குப் போய் ரத்தம் கழுவிக்கொண்டு வர வேண்டும். தோட்டத்துக்குள் வந்துகொண்டிருந்த பஸ், ஆள் ஏறவில்லை என்று நின்றுபோன பிறகு, நீங்கள் இருவரும் முனியாண்டி அண்ணனின் ஓட்டை வேனைப் பிடித்துக்கொண்டீர்கள். வாடகையில் ஆளுக்குப் பாதி. வேனில் உங்கள் அரட்டையைத் தாங்க முடியாமல் அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாராமே.

நீ போன அடுத்த வாரமே வேன் நின்றுவிட்டது, அக்கா. முனியாண்டி அண்ணனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே வந்து என்னிடம் சொன்னார். "ரெண்டு பேரு இருந்தப்பவே எண்ணெய்க்குப் போக கையில ஒன்னும் நிக்கல தங்கச்சி. ஒரு ஆளுக்கு எப்படி ஓட்டுறது? முழு வாடகையும் குடுன்னு அதுகிட்ட எந்த வாயால கேக்குறது?" தலையைக் குனிந்துகொண்டே பேசினார். உன் சாவு உன்னோடு முடியவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவரையும் இறக்கிவிட்டுவிட்டது.

இப்போது வசந்தா அக்கா எப்படிப் போகிறார் தெரியுமா? விடியும்போதே யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் சேரும் சிம்பாங்குக்கு வருகிறார். அங்கே நின்று கிள்ளான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். அது வந்தால் வரும். போவதாவது பரவாயில்லை, திரும்பி வருவதுதான் கொடுமை. ஊசி குத்திய கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, தலை கிறுகிறுக்க, அதே சிம்பாங்கில் இறங்கி, உள்ளே போக ஆள் வரும்வரை உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். கடைக்காரச் சீன ஆன்டிதான் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறார். மகனோ லோரி ஓட்டிக்கொண்டு ஈப்போ, பினாங்கு என்று போய்விடுகிறான். அவன் ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் என்னோடு வந்து இருங்கள் என்றேன். "மூனு மாடி ஏறவா? உங்க அக்காவே ஒரு வாரத்துல ஓடி வந்துட்டா" என்றார். உண்மைதானே. லிப்ட் இல்லாத வீட்டுக்கு நோயாளியைக் கூப்பிடும் அறிவாளி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் ஜன்னலுக்குக் கீழே ரயில் போகிறது, ஒன்று போனால் அடுத்தது வருகிறது. அந்தச் சத்தத்தில் முன்பெல்லாம் நன்றாகத் தூங்குவேன். இப்போது கேட்டாலே எரிச்சல் வருகிறது.

சும்மா இருந்துவிட்டோம் என்று நினைக்காதே. பஸ் கேட்டு நம் ஆட்கள் அலைந்தார்கள். கடைசியில் போக்குவரத்தைக் கவனிக்கும் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் கூட்டம். கோயில் தலைவர் ராமையா அண்ணனைத் தெரியுமே, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தார். வீடு வீடாகப் போய் ஒரே பேச்சுத்தான்: "பிள்ளைங்கள எல்லாம் வரச் சொல்லுங்க. ஆளு நெறைய இருக்கணும். மலாய், இங்கிலீஷ் நல்லா பேசுறவங்க முன்னால உக்காரணும். நம்மள லேசா நெனச்சிடக் கூடாதுலா."

நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு பெரிய மனுஷர் வருகிறார் என்றால் கல்யாண வீடுதான். சுபாங் ஜெயாவிலிருந்து, செலாயாங்கிலிருந்து, கிள்ளானிலிருந்து பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். நானும் காரை எடுத்துக்கொண்டு போனேன். கோயில் வாசலிலிருந்து உன் வீடு வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் கார். சிலர் வரும் வழியில் கழுவிக்கொண்டு வேறு வந்திருந்தார்கள். பீஹூன், வடை, ரோஸ் சிரப் என்று எல்லாம் தயார். அந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. இன்றைக்கு எப்படியும் பஸ் வந்துவிடும் என்று நினைத்தேன், அக்கா. சத்தியமாக நினைத்தேன்.

அதிகாரி நல்ல மனிதர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், எல்லோருக்கும் கை கொடுத்தார், வடையை விரும்பிச் சாப்பிட்டார். வசந்தா அக்கா எழுந்து தன் கையைக் காட்டிப் பேசியபோது குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு வெளியே வந்து ரோட்டைப் பார்த்தார். கைத்தொலைபேசியை எடுத்து அந்தக் கார் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை படம் பிடித்தார்.

"வீட்டுக்கு வீடு கார் இருக்கிறதே. இங்கே பஸ் விட்டால் யார் ஏறுவார்கள்?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

ராமையா அண்ணன் பதறிப்போனார். இதெல்லாம் பிள்ளைகளின் கார், சாயங்காலம் ஒன்றுகூட இங்கே இருக்காது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அதிகாரி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "அப்படியென்றால் பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்லதுதானே, அங்கிள்?" என்றார்.

நன்றாகப் பேசுவோம் என்றுதானே எங்களை முன்னால் உட்கார வைத்தார்கள்? ஒருவர் வாயும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. திறந்து என்னவென்று சொல்வது? செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வேலை என்றா? அந்த மனிதர் போன பிறகு ஒவ்வொருவராகச் சாவியைத் தேட ஆரம்பித்தோம். ஜாம் ஆகிவிடும் என்று அவசரம். நான் கிளம்பும்போது வசந்தா அக்கா கோயில் குழாயடியில் வடைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பத்துமலைத் தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் பெரிய பஸ்ஸே உள்ளே வந்து கோயில் திடலில் ஆளை நிறைத்துக்கொண்டு திரும்பிப் போகிறதே, அதையாவது சொல்லியிருக்கலாம் என்று பாதி வழியில்தான் எனக்கு நினைவு வந்தது. சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

பிறகு பதில் வந்தது. தேவை போதாதாம். பின்னால் ஒரு காலத்தில் பரிசீலிப்பார்களாம்.

இன்னொன்றையும் சொல்கிறேன், கேட்டால் சிரிப்பாய். போனில் கூப்பிட்டால் வீட்டுப் பக்கமே வரும் சின்ன வேன் ஒன்றை இப்போது சில இடங்களில் விட்டிருக்கிறார்கள். விலையும் மலிவு. என் தோழி ஒருத்தி பாசாருக்கும் அதில்தான் போய் வருகிறாள். ஆசையோடு வசந்தா அக்கா வீட்டு வாசலில் நின்று நானும் போனில் அழுத்திப் பார்த்தேன். இந்த இடத்துக்குச் சேவை இல்லை என்று வந்தது. "நம்ம எடம் அதுல இருக்கா?" என்று அவர் எட்டிப் பார்த்தார். நெட் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன்.

போன வியாழக்கிழமை வசந்தா அக்கா போகவில்லை, அக்கா. கூட்டிப் போக மோட்டார் சைக்கிள் கிடைக்கவில்லையாம். நான் போனில் கத்தினேன். "ஒரு நாள் விட்டா ஒன்னும் ஆகாதுலா. எதுக்குப் பயப்படுற?" என்றார்.

ரோடு மழையில் மூழ்கி வேன் வராமல் போன அந்த வியாழக்கிழமை, நீயும் என்னிடம் இதையேதான் சொன்னாய். குரலில்கூட வித்தியாசம் இல்லை. வெள்ளிக்கிழமை உனக்கு மூச்சு முட்டியது. சனிக்கிழமை நீ இல்லை.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியும் முன்னே கிளம்பி அங்கே போய், அவரைக் கிள்ளானுக்குக் கூட்டிப் போய், முடியும்வரை காத்திருந்து வீட்டில் விட்டுவிட்டு வருவேன். உன் தலைமேல் சத்தியம், இதில் தவற மாட்டேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் என்னிடம் ஒரு வழியும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். பஸ் வரும் என்ற நம்பிக்கையும் எனக்குப் போய்விட்டது. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

இதை வசந்தா அக்காவிடம் சொன்னபோது சந்தோஷமாகத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அப்போ ஒவ்வொரு வாரமும் நீ வர்ற வரைக்கும் நான் இருக்கணும்" என்றார்.

உன்னை ஒருநாள்கூடக் கூட்டிப் போகாத உன் தங்கை,
சரசு