ஊருணிக்குப் போகும் வாய்க்கால்

கடலாடி,
17.8.2025

அன்பு மச்சானுக்கு,

பூமயில் எழுதுவது. நான் நலம், வயிற்றில் இருப்பதும் நலம். போனில் பேசினால் நமக்கு இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் என்றால் நான் முழுதாகச் சொல்லி முடிப்பேன். நீங்களும் முழுதாகக் கேட்பீர்கள்.

நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாக ஊரில் சொல்கிறீர்களாம். கோபமில்லை. நம் கிணற்றுத் தண்ணீரில் வடித்தால் சோறு கரிக்கிறது, பருப்பு வேக மாட்டேன் என்கிறது. இறால் குட்டைகள் வருவதற்கு முன் அந்தத் தண்ணீரில்தானே நம் கல்யாணச் சமையலே நடந்தது? நேற்று ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்சம்மா, "எந்தூரு தண்ணிம்மா குடிக்கிற? அந்தக் கரையோரத்துல இருந்து வாரவுகளுக்கெல்லாம் பிரஷர் ஏறித்தான் இருக்கு" என்றார்.

பிரசவம் வரை அண்ணன் வீட்டிலேயே இருக்கிறேன். நீங்கள் ஊருணித் தண்ணீரையே எடுத்துக் குடியுங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பூமயில்

*

தாழைவலசை,
2.9.2025

அன்பு மயிலுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ இல்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் வேலை பார்க்கும் இறால் பண்ணை ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறேன்.

எல்லாப் பழியையும் பண்ணையின் மேல் போடாதே. மழை பொய்த்து மிளகாய்ச் செடி கருகியபோது ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் திருப்பூருக்கு பஸ் ஏறினார்களே, அவர்களைத் திரும்ப ஊருக்குக் கூட்டி வந்தது எது? இந்த இறால்தான். நம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டபோது நீயும்தான் சரி என்றாய். நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

ஆனால் இப்போது நிலவரம் சரியில்லை. அமெரிக்காக்காரன் இறாலுக்கு வரி ஏற்றிவிட்டானாம். வியாபாரி வந்தார், குட்டையை எட்டிப் பார்த்தார், விலையே சொல்லாமல் போய்விட்டார். முதலாளி பாதிப் பேரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். மூன்றாவது குட்டையில் இறால் பட்டப்பகலில் கரையோரமாக வந்து ஒதுங்குகிறது. எடுத்துப் பார்த்தால் ஓட்டில் வெள்ளைப் புள்ளி, நோய்தான். முதலாளியிடம் காட்டினேன். "ஏலே முத்துகிருஷ்ணா, யாருகிட்டயும் வாயத் தொறந்துறாத" என்றார். நீயும் உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே.

மாத்திரையை விடாமல் போடு.

உன்
முத்துகிருஷ்ணன்

*

கடலாடி,
5.10.2025

அன்பு மச்சானுக்கு,

கால் வீங்கிப்போய் உட்கார்ந்தபடி எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நோய் கண்ட குட்டையின் தண்ணீரை மருந்து போட்டு, சில நாள் தேக்கி வைத்துத்தான் வெளியே விட வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஆட்களையே நிறுத்திவிட்ட முதலாளி மருந்து வாங்கித் தருகிறாரா? அடுத்த மாதம் அடைமழை பிடித்துவிடும். நம் மழை வாய்க்கால் குட்டைகளை ஒட்டி வந்து நேராக ஊருணியில்தான் விழுகிறது. கிணறுகள் போனபிறகு ஊருக்கே அது ஒன்றுதான் குடிதண்ணீர்.

குட்டைத் தண்ணீரை அந்த வாய்க்காலில் விடும் ஷட்டரைத் திறக்க மாட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

உங்கள்
பூமயில்

*

தாழைவலசை,
2.12.2025

என் அன்பு மயிலுக்கு,

பெண் குழந்தை என்று உன் அண்ணன் போனில் சொன்னதும் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றான். புயல் மழையில் ரோட்டின் மேல் தண்ணீர், பஸ் இல்லை. இல்லாவிட்டால் ஓடி வந்திருக்க மாட்டேனா?

இங்கே ஒரு துக்கம். மழையின் வேகம் தாங்காமல் மூன்றாவது குட்டையின் கரை உடைந்து, தண்ணீரெல்லாம் வாய்க்காலில் போய்விட்டது. மறுநாள் ஊருணியில் மீன் செத்து மிதந்தது. தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. இப்போது லாரித் தண்ணீர்தான். அதுவும் ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. என்ன செய்ய, இயற்கையை யார் தடுக்க முடியும்?

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். வேலை. பிள்ளைக்கு என் முத்தம்.

உன்
முத்துகிருஷ்ணன்

*

கடலாடி,
26.12.2025

மச்சானுக்கு,

பிள்ளை பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். பால் குடிக்கிறாள். அழுகைச் சத்தம் மட்டும் சின்னதாக இருக்கிறது.

நேற்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணனோடு ஆட்டோவில் தாழைவலசைக்கு வந்திருந்தேன். நீங்கள் ராமநாதபுரத்துக்குப் போயிருந்தீர்கள். ஊருணிக் கரையில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் லாரிக்காக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பிள்ளையைக் கையில் வாங்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சேதுலட்சுமி அக்காதான் என்னைக் கையைப் பிடித்துக் குட்டைக்குக் கூட்டிப் போனார்கள். "கரை எங்கன உடைஞ்சிருக்கு, நீயே பாரு. விடியக்காலம் மழையில ஆட்டைத் தேடி வந்தேன். உம் புருசந்தான் ஷட்டரத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. 'எதுக்குப்பா தொறக்குற, தண்ணி ஊருணிக்குல்ல போகும்'னேன். 'வேலையப் பாத்துட்டுப் போக்கா'ன்னுச்சு."

சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தேன். கரை எங்கேயும் உடையவில்லை.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் ஊர்ப் பெண்கள் மனுக் கொடுக்கிறார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. திறந்தது யார் என்று கேட்டால் சொல்லத்தான் செய்வேன். அதற்கு முன் நீங்களே வந்து, இன்னார் சொல்லித் திறந்தேன் என்று சொல்லிவிடுங்கள். ஊரே உங்களைத் திட்டினாலும் நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன்.

காத்திருப்பேன்.

பூமயில்

*

தொண்டிக்கு அப்பால்,
18.1.2026

என் அன்பு மயிலுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை நான் வந்தேன். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். நீ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்களோடு நின்றாய். நீ இரண்டு மூன்று தடவை ரோட்டைப் பார்த்தாய். பஸ் ஏறிவிட்டேன்.

முதலாளி தாழைவலசைக் குட்டைகளை அப்படியே விட்டுவிட்டார். இனி அங்கே இறால் வளர்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்கிறார். இங்கே புது இடம் பார்த்திருக்கிறார். பொறுப்பு முழுக்க எனக்குத்தான். நல்ல ஜனங்கள். வெள்ளாமை இல்லாமல் கிடந்த ஊரில் வேலை வருகிறதே என்று சந்தோஷப்படுகிறார்கள்.

நேற்று குட்டை வெட்ட ஜேசிபி வந்தது. அளவெடுத்து நின்ற எங்களுக்கு ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "எங்க கிணத்துத் தண்ணிண்ணே, நல்லாருக்கும், குடிங்க" என்றாள். இளநீர் மாதிரி இருந்தது மயிலு. நான் இரண்டு செம்பு குடித்தேன்.

அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நமக்கு வீடு பார்த்துவிட்டேன். பிள்ளைக்கு இந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். தூக்கிக்கொண்டு வந்துவிடு.

உன்
முத்துகிருஷ்ணன்